முன்னறையில் பங்கர் இருந்த இடம்

என் அன்பான அக்காவுக்கு,

முன்னறைத் தரையை இன்று காலை நானே கிளப்பிவிட்டேன். மரப்பலகை போலத் தெரியும் அந்த வைனைல் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறேன். கீழே, ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் ஒளிந்த பங்கரை மூடிய இடத்தில், சீமெந்து வெடித்து இரண்டு விரல் ஆழத்துக்கு இறங்கிக் கிடக்கிறது.

நீங்கள் சொன்னீர்கள். சண்டை ஓய்ந்ததும், மண்மூட்டைகளை அறுத்துக் கொட்டி நான் அந்தக் குழியை நிரப்பியபோது, வாசலில் கதிரை போட்டிருந்து சொன்னீர்கள்: "தம்பி, தண்ணி விட்டு நல்லா இடி. ஒரு மாரி போகட்டும். மண் இறங்கின பிறகு மட்டம் பாத்துப் போடு."

நான் சிரித்தேன். "இந்த நாட்டிலை ஒரு மாரி முடியுமட்டும் சமாதானம் நிக்குமோ அக்கா?" என்றேன். அடுத்த சண்டைக்கு முன் கொஞ்ச நாளாவது மனிதரைப் போல வாழ்ந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. மெல்லிசாகச் சீமெந்து பூசி, மட்டப்பலகைகூட வைத்துப் பாராமல், பட்டைகளைப் பொருத்திவிட்டேன்.

மாரியில் மண் இறங்கியது. மேலே எல்லாம் நேராகத்தான் தெரிந்தது. கால் வைத்தால்தான் அமுங்கும். எனக்கு அது தெரியும் அக்கா. நீங்கள் அதில் கால் இடறி விழுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே என் காலுக்குத் தட்டுப்பட்டது. அலுமாரியை நகர்த்தி மறைக்கலாமா என்றுதான் யோசித்தேன்.

இடுப்பு முறிந்து படுத்த பிறகும், பார்க்க வந்தவர்களிடம் "ஈரத்திலை சறுக்கிப்போட்டன்" என்றே சொன்னீர்கள். என்னைக் காப்பாற்றத்தானே? ஆனால் அன்று தரை துடைத்தது உங்கள் மகள் வசந்தி. அதை நீங்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், பேசாமல் இருந்தேன்.

உங்கள் செத்தவீட்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே மாமா அம்மாவை விழுத்தினனான்" என்று அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் தன் வீட்டில் தரை துடைத்தால், காயும்வரை ஒருவரையும் உள்ளே விடுவதில்லையாம். நான் என்ன மனிதன் அக்கா?

சீனன்குடாப் பக்கம் மறுபடி ஷெல் சத்தம் கேட்கிறது. அயலில் எல்லோரும் பங்கர் வெட்டுகிறார்கள். என் மனைவியும் பழைய குழியைத் திரும்பத் தோண்டச் சொல்லி நிற்கிறாள். வசந்தி பின்னேரம் கப்பல்துறையிலிருந்து வருகிறாள், நான்தான் வரச்சொன்னேன்.

அவள் வந்து அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துப் பார்க்கும்வரை நான் மண்வெட்டியைத் தொடமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம். அதன் பிறகு அவள் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி.

உங்களை விழுத்திய
தம்பி குணம்