செத்துப்போன யாளிக்கு ஒரு படி அரிசி

காலையில் கூரியரில் வந்த உறையைப் பிரித்தேன். நீ இறந்தபின் வரப்போகும் உன் நாவல், அச்சுக்குப் போகத் தயாராக. முதல் பக்கத்தில் பச்சைக் கண்ணோடு ஒரு யாளி நெருப்புக் கக்குகிறது. உன் யாளி எந்தப் பக்கத்தில் நெருப்புக் கக்கியது? நீ எழுதிய கதையில் அது செத்து நூறு வருஷம் ஆகிறதே.

குகையிலிருக்கும் யாளி ஊரை விழுங்காமலிருக்க வீட்டுக்கு ஒரு படி அரிசி, தினமும். வாங்கிப் போகிறவர்கள் அரண்மனை ஆட்கள். ஏழாம் அதிகாரத்தில் ஒருத்தி துணிந்து உள்ளே போகிறாள். வெறும் எலும்புக்கூடு. சேத்துப்பட்டு இலக்கியக் கூட்டத்தில் நீ அதை வாசித்ததும் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து, "எதிர்க்கட்சியைத்தானே சொல்றீங்க?" என்று கை குலுக்கினார். பின்னாலேயே எதிர்க்கட்சிக்காரர் வந்து, "ஆளுங்கட்சியைத்தானே?" என்றார். ஆரணி வரும்வரை பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தாய்.

நான் சிரிக்கவில்லை. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவின் பயம். "எதுக்குப்பா வம்பு, ஏழாவதை எடுத்துடேன்" என்றேன்.

"செத்த யாளிக்கு நீயே அரிசி அளந்துகினு போறியே" என்றாய். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தச் சொல் இன்னும் உறுத்துகிறது.

இப்போது பதிப்பகத்தார் அதே அதிகாரத்தை உருவியிருக்கிறார்கள். போனில் கேட்டேன். "பசங்க படிக்கிற மேஜிக் கதை சார். நடுவுல அரசியல் எதுக்கு? யாளி உயிரோட இருந்தா ரெண்டாம் பாகம்கூட போடலாம்" என்றார் அந்த ஆள். என்ன திமிர்! ராஜா வேண்டும், மந்திரம் வேண்டும், ராஜாவைக் கேள்வி கேட்பது மட்டும் வேண்டாமாம். பிள்ளைகளுக்கு யாளியைக் காட்டிப் பயமுறுத்தலாம், அது செத்துவிட்டது என்று சொல்லக் கூடாதாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உன் மனைவி. உன் பேரை அச்சில் பார்க்க ஏங்குகிறவர். வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? தாள்களை அவர் முன்னால் வைத்து, நடந்ததை மட்டும் சொன்னேன். தறிக்கு நீ டிசைன் அட்டையில் ஓட்டை அடித்த காலமெல்லாம், அவற்றை வரிசையாகக் கோத்துத் தந்தவர் அவர். தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தார்.

"ஒரு அட்டை விட்டுப்போனா புடவை முழுக்க ஒவ்வொரு மயிலும் கோணிக்கினு நிக்கும்ணே. ஜல்தியா குடுன்னு எவன் வந்து நின்னாலும், அவுத்து மறுபடி கோக்காம அவரு குடுத்ததில்ல." கையெழுத்துப் போடாமலே உறையைத் திரும்ப ஒட்டினார். "திருப்பி அனுப்பிடுங்க. நம்மளே நாலு பேருக்குப் படிச்சிக் காட்டலாம்."

சாயங்காலமே சேவூர் தறிக்கூடத்தில் நெசவாளர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். உன் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஏழாம் அதிகாரத்தை வாசித்தேன். முடித்ததும் நூல் சுற்றும் அம்மாள் ஒருவர் கேட்டார்: "அப்போ இத்தினி நாளா நம்ம அரிசியைத் தின்னுகினு இருந்தது யாரு?"

முன்பென்றால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பேன். இன்று பார்க்கவில்லை. உன்னைப்போல் சொல்ல வரவில்லை. ஆனாலும் தின்றவர்களை, இரண்டு கட்சியிலும், பேர் பேராகச் சொன்னேன்.