பல் ஆஸ்பத்திரி மீன்தொட்டி விஷயமாக

அன்பு மகளுக்கு, அப்பா இங்கே பசி எடுத்து, தூக்கம் வந்து, யார் தோளையும் பிடிக்காமல் படியேறிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதே மாதிரி இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் மாடிவீட்டுத் தையல்காரர். கொஞ்சம் சுருக்கிக்கலாமா என்று கேட்டார், துணியைச் சுருக்குங்க, என் பேச்சைச் சுருக்காதீங்க என்றேன், அதையும் எழுதச் சொன்னேன்.

பெரிய பாலம் விரிசல் விட்டு பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். தபால்காரர்கள் மூன்று மாசம் வேலைக்கு வராமல், உன் சித்தி கல்யாணப் பத்திரிகை கல்யாணம் முடிந்த பிறகு வந்து சேர்ந்ததே, அதே வருஷம். உனக்கு முன்பல் இரண்டும் விழுந்ததும் அப்போதுதான். அந்த வருஷம்தான் பல் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் உட்காரும் கூடத்தில் அந்த ஆறடித் தொட்டியை வைத்தோம். அன்றைக்கு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

தொட்டி வேலையை விட்டுவிட்டு வந்துடுங்கப்பா, அறை தயாரா இருக்கு என்று சொல்லியிருந்தாய். வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள். பெரிய டாக்டர் காலமான பிறகு அவர் மகன் சின்ன டாக்டர் ஒரு மேனேஜரைப் போட்டிருக்கிறார். பையில் எப்போதும் நாலு பேனா வைத்திருப்பார், ஒன்றிலும் எழுதிப் பார்த்ததில்லை. அவர் தொட்டிக்கு ஒரு மீட்டர் வாங்கி ஆள் வைத்து மாட்டினார், தண்ணீர் நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரியுமாம். அதோடு விட்டாரா? போன மாசம் எனக்குச் சளிக்காய்ச்சல் வந்து மூன்று நாள் போகவில்லை. அதற்குள் ஃபில்டரைத் திறந்து பார்த்து, ஸ்பாஞ்செல்லாம் பழுப்பாக இருக்கிறதே என்று அத்தனையையும் குப்பையில் போட்டுப் புதிதாக வெள்ளை ஸ்பாஞ்ச் வைத்து, கூழாங்கல்லைக்கூட வெந்நீரில் அலசிவிட்டார். அந்தப் பழுப்பில்தானே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருந்து மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றன! குடித்தனக்காரர்களைத் துரத்திவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்கிற கதை.

நான் திரும்பிப் போனபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, பச்சை விளக்கு ஜோராக எரிகிறது, மீன்கள் மட்டும் சரியில்லை. எனக்கு எழுத்து தெரியாது, மீன் முகம் தெரியும். நாள் பூராவும் கல்லைப் புரட்டிக்கொண்டே இருக்கும் பெரிய தங்கமீன், நாம் மேஸ்திரி என்போமே, அது மூலையில் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது. சின்னதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்கிறவர்கள் அதைப் பசி என்று நினைத்து இரை போடுவார்கள், அது பசி இல்லை, மூச்சு முட்டல். செவுள் படபடவென்று அடித்தது, உள்ளே புண்ணாட்டம் சிவப்பு. ஒன்று உடம்பைக் கல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கெட்டுப்போச்சு என்றேன். மேனேஜர் மீட்டரைக் காட்டி, பச்சை எரியுதே, உங்களுக்குப் படிக்கத் தெரியாது பெரியவரே என்றார். மீனுக்கும் படிக்கத் தெரியாதுங்க, அதான் மீட்டரைப் பார்க்காம மூச்சு வாங்குது என்றேன். உட்கார்ந்திருந்தவர்களில் வாய் வீங்கியவர்கூடச் சிரித்துவிட்டார். அந்த மீட்டர் சூட்டையும் புளிப்பையும் மட்டும்தான் பார்க்குமாம், கழிவின் நஞ்சைப் பார்க்காதாம், மாட்டிய ஆளே என்னிடம் சொன்னான்.

மறுநாள் இரண்டு செத்து மிதந்தன. அதற்குமேல் யாரைக் கேட்க வேண்டும்? இரையை நிறுத்தினேன். பீப்பாயில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டு மருந்து வாடை போன தண்ணீரால் தினமும் கால்வாசி மாற்றினேன். நம் வீட்டுத் தொட்டி ஸ்பாஞ்சை, அலசாமல், ஈரப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப்போய் ஃபில்டருக்குள் திணித்தேன். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் எழுந்தே போய்விட்டார், எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. மேனேஜர் கத்தினார், சாக்கடையைக் கொண்டுவந்து போட்டுட்டீங்க, ஒண்ணாந்தேதியிலிருந்து வர வேண்டாம், உங்களை வேலைக்கு வைத்த காகிதம் எங்கே என்றார். காகிதம் ஏது. அப்படியும் தினமும் போய் நாற்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன், தூக்கி வெளியே வைக்கிறதானால் நாற்காலியோடு தூக்குங்க என்றேன். பன்னிரண்டாம் நாள் மேஸ்திரி துடுப்பை விரித்து ஒரு கல்லைப் புரட்டிற்று.

அதுவும் மீட்டரின் மகிமை என்கிறார் மேனேஜர்! சின்ன டாக்டர் நல்ல பிள்ளை, ஆனால் மதில்மேல் பூனை. அப்பா வாக்குக் கொடுத்தாருன்னு நீங்க சொன்னா மட்டும் போதாது, கூட இருந்து கேட்டவங்க யாராவது எழுதிக் கொடுக்கட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்றிருக்கிறார். மாசக் கடைசி வரைக்கும் தவணை.

நீ அனுப்பிய போட்டோவைத் தையல்காரர் பெரிதாக்கிக் காட்டினார். உன் கண்ணாடிக் கிண்ணத்து மீன் ஆசையாக மேலே வந்து பார்க்குது என்று சொல்லியிருந்தாய். ஆசையும் இல்லை, மண்ணும் இல்லை, அதற்கும் மூச்சு முட்டல்தான். கிண்ணம் போதாது, பெரிய தொட்டியும் ஃபில்டரும் வாங்கு, அதுவரை நான் சொன்ன மாதிரி தண்ணீர் மாற்று, மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றிவிடாதே. நீயும் இளைத்துத் தெரிகிறாய், நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்குப் பல் ஆடுகிறதாமே, பிடுங்காதே, தானாக விழட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு குறைவில்லாமல் வாழ வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை இப்போது சொல்கிறேன், நினைவுபடுத்திப் பார்த்து நீ எழுதிக் கொடு. தொட்டி வைத்த அன்றைக்கு நீ பெஞ்சில் மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, மீனுக்குப் பல் இருக்கா என்று பெரிய டாக்டரைக் கேட்டாய். தொண்டைக்குள்ளே இருக்கும்மா, அதனால என்கிட்ட வராது என்று சிரித்தவர், என் பக்கம் திரும்பி, இந்தத் தொட்டி உங்க பொறுப்பு, உங்க கை ஓயுற வரைக்கும் இதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்றார். என் கை இன்னும் ஓயவில்லை. நாலு வரி போதும், உன் கையெழுத்தில், சின்ன டாக்டர் பேருக்கு, மாசக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், மறந்துவிடாதே. சொன்ன பெரிய டாக்டர் போய்விட்டார். தொட்டிக்கு மேடை செய்த ஆசாரி அதற்கு முந்தியே போய்விட்டார். குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிய உன் அம்மாவும் போய்விட்டாள். என் சொல் செல்லாது என்கிறார்கள். என்னைத் தவிர, அந்த வார்த்தையைக் காதால் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறவள் நீ ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)