சீவலப்பேரி சாலையில் சிந்திய நெல்

இன்று காலை சீவலப்பேரி சாலையில் திரும்பியதுமே புது நெல்லின் வாசம். பிசானப் பருவ அறுப்பு முடிந்து, பாதிச் சாலைக்கு நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரின் பின்னிருக்கை காலியாக இருப்பது இந்த இடத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. நீ இறந்துபோய் இரண்டு அறுப்பு ஆகிவிட்டது.

நம் இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை, ஒரே வண்டி. நான் ஓட்டுவேன், குறுக்கே வருகிறவர்களையெல்லாம் திட்டுவேன். நீ பின்னால் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்பாய். "ஏட்டி, அவனுக்குக் கேக்கவா போவுது? எனக்குத்தான் காது வலிக்கு" என்பாய்.

ஒரு நாள் மாலை, இதே இடத்தில், வானம் கறுத்திருந்தது. பின்னால் வந்த கார் ஒன்று ஹாரனை அழுத்தியபடி நம்மை நெருக்கிக்கொண்டு முந்தியது. நான் ஒதுங்கியதில் வண்டி நெல்லில் வழுக்கிச் சாய்ந்தது. நமக்குக் காயமில்லை. நெல்தான் சாலையெங்கும் சிதறியது. கார் நிற்கவில்லை. நான் வண்டியை நிமிர்த்தி, "ஏறு, பாலம் வரதுக்குள்ள அவனப் பிடிச்சிரலாம்" என்றேன். நீ ஏறவில்லை.

நெல்லுக்காரி ஓடி வந்தாள். "கண்ணப் பொடதியிலயா வச்சிருக்கிய? மழை வருது, எங்க வருசப் பாடு இது!"

"தப்புதான்க்கா" என்று நீ குந்தி அள்ளத் தொடங்கினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நெருக்குனவன் அவன். நீ எதுக்குட்டி தப்புங்கே?"

"நனைஞ்சா நெல்லு முளைச்சிரும். உன் கோவம் நாளைக்கும் அப்படியே கெடக்கும். அந்தச் சாக்கப் பிடி."

பிடித்தேன். மூவரும் அள்ளினோம். எங்கே வேலை என்று அவள் இடையில் கேட்க, நீ நம் பள்ளியைச் சொன்னாய். கடைசிச் சாக்கின் வாயைக் கட்டும்போது தூறல் விழுந்தது. அவள் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, "டீச்சர்மாருன்னு மொதல்லயே சொல்லப்படாதா?" என்று சிரித்தாள்.

"சொல்ல விட்டாத்தானக்கா!" என்றாய் நீ.

நனைந்துகொண்டே திரும்பினோம். பாலத்தைக் கடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். அந்தக் கார் என்ன நிறம் என்பதே நினைவில் இல்லை.

உன்னைப்போல அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. கோபம் இன்றும் வருகிறது, கொஞ்சம் பிந்தி வருகிறது. போன வாரம் பாளையங்கோட்டைச் சந்தைக்கு வெளியே ஒரு பைக் உரசிவிட்டுப் பறந்ததில், ஒரு பெரியவரின் சைக்கிள் சாய்ந்து கத்திரிக்காய்கள் உருண்டன. நின்றவர்கள் எல்லாரும் பைக் போன திசையைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள்.

"நம்பரப் பாத்தியாம்மா?" என்றார் பெரியவர்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன், தரையில் குனிந்தபடி. "ஆட்டோவுக்கு அடியில ரெண்டு கெடக்கு. வண்டி எடுக்க முன்ன அத எடுத்திருவோம்."