அறுப்பின் பண்டிகையில் நின்றுபோன டிரம்

அண்ணே,

மகளின் அறுந்த ஹெட்போனைப் பற்றவைக்க இன்று சால்டரிங் அயர்னை எடுத்தேன். பேஸ்ட் உருகிப் புகை எழுந்ததும், நீங்கள் என் சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்து மூக்கைச் சுளிப்பது போலிருந்தது. "இன்னா மா, சாம்பிராணி போட்டுக்கினு கீறியா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பிரஸ் மெஷின் உங்கள் வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட பிறகு, பொன்னேரி சபையில் உங்கள் தபேலா உறை கழற்றாமலே கிடந்தது. பாடகர் குழுவில் உங்கள் பக்கத்தில் நின்று பாடியவள் நான். பாட்டுக்குப் பாட்டு அந்தக் கை மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் எலக்ட்ரானிக் டிரம் கிட் ஒன்றை வரவழைத்தேன். ஒரு வெற்று சர்க்யூட் போர்டு, ஒரு பை நிறைய உதிரிப் பாகங்கள். பதிவு செய்த ஒலி எதுவும் அதில் கிடையாது. மின்சாரமே அதிர்ந்து டிரம் சத்தமாக வரும். தட்ட நான்கு பட்டன்கள். வலக்கையால்தான் தட்டுவேன் என்றீர்கள். மூன்று விரல் போதும்.

நான் பற்றவைத்தேன், நீங்கள் குமிழைத் திருகித் திருகிக் கேட்டீர்கள். "வயிறு பத்தல மா. டப்பாவத் தட்டற மாதிரி கீது." நான் வேறொரு கெப்பாசிட்டரை மாற்றுவேன். ஒருநாள் அந்த ஒலி தரைக்கு இறங்கியது. மேசையிலிருந்த டம்ளர் நடுங்கியது. நீங்கள் அரைமணி நேரம் அதையே தட்டிக்கொண்டிருந்தீர்கள்.

சபையின் அறுப்பின் பண்டிகைக்கு முதல் நாள் டிரம் பெட்டியை மூடும்போது பார்த்தேன். ஓர் இணைப்பில் ஈயம் சரியாகப் பற்றாமல் மங்கிக் கிடந்தது. நான் போகும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என் வேலையே அப்படிப்பட்டதைக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான். தெருமுனையில் ஷிப்ட் வேன் ஹாரன் அடித்தது. தாங்கும் என்று ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு ஓடினேன்.

பண்டிகை ஆராதனையில் இரண்டாவது பாட்டின்போது டிரம் விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு நின்றே போனது. நீங்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பார்த்தீர்கள்.

"பாவம், அந்தக் கைய வெச்சிக்கினு இன்னா பண்ணுவாரு," என்றார் குழுத் தலைவர், உங்கள் காதில் விழும்படியே. வெளியே வந்ததும் நீங்களும், "வெரலு சரியா அமுக்கல போல மா," என்றீர்கள்.

"பழகிடும்ணே," என்றேன்.

பழியை உங்கள் கையில் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் பெட்டியைக் கொண்டுவந்து, "நீயே வெச்சிக்க மா," என்று கொடுத்தீர்கள். அன்றே அந்த இணைப்பைச் சரிசெய்தேன். ஒரு நிமிட வேலை. டிரம் ஒழுங்காக ஒலித்தது. அப்போதாவது உங்கள் வீட்டுக்கு ஓடிவந்திருக்க வேண்டும். வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்றிருந்தேன். மழைக்காலக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பண்டிகைக்கு அப்பால தெனமும் சாப்ட்டு முடிச்சிட்டு, தட்டு மேல ஒவ்வொரு வெரலா அமுக்கிப் பாத்துக்கினே இருப்பாரு. எந்த வெரலு பேஜாரு பண்ணுச்சுன்னு," என்றார். பிறகு, "அவரு இருக்கசொல்லோ சொல்லியிருக்கக் கூடாதா மா?" என்று கேட்டார்.

நான் பார்க்காத காட்சி அது. ஆனாலும் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம், காலித் தட்டின்மேல் உங்கள் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்குவதைப் பார்க்கிறேன். மூன்றும் நன்றாகத்தான் இருந்தன, அண்ணே.