பாட்டு யாருடையது என்று சொன்னேன்

1961 ஆகஸ்ட் 3, வியாழன்

பேர் போடாமல் அச்சிட்டு அட்டன் பஸ் நிலையத்தில் விற்கும் பாட்டுகளை எழுதுகிறவர் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சின்னமுத்து மாமாதான். தேயிலைத் தோட்டமே பாடுகிறது. கொழுந்து நிறுக்கும் தராசு பொய் சொல்கிறது என்ற பாட்டை இன்று பள்ளிக்கூட விழாவில் பாடினேன். கொழுந்துக் கணக்கு எழுதும் பெரிய கணக்கப்பிள்ளை கை தட்டினார்.

“அருமையா இருக்கே! யாரு எழுதினது, பாப்பா?”

மாமாவுக்குப் பெருமை சேரட்டும் என்று பேரையும் லயத்து இலக்கத்தையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அம்மா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! பத்துச்சீட்டைக் குடுத்துத் தோட்டத்த விட்டே அனுப்பிருவாங்களேடி!”

மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“எம்பேர எழுதுறப்ப கணக்கப்பிள்ளை சிரிச்சாராம்மா?”

“ஆமா, மாமா.”

அத்தையிடம் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

விடிந்தால் பெரட்டு. வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அவர் பேரை விட்டுவிட்டால், நான் எங்கே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்?