கழற்ற முடியாத பல்

சோனகத் தெரு,
யாழ்ப்பாணம்.
14.07.2025

அன்பு மகள் ஜிஹானாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் உம்மாவும் இங்கே நல்ல சுகம், என் மேல்வாயின் முன்பல் நான்கைத் தவிர. அங்கே லண்டனில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் ஒன்றைச் சொல்லி முடிக்க முன் நீ அழத் தொடங்குவாய், இல்லாவிட்டால் உன் நானா, என் மூத்தவன் இன்ஸாப் இடையில் வந்து விழுவான். கடிதத்தில் என்னை ஒருவரும் மறிக்க முடியாது. அதோடு முன்பல் இல்லாமல் கதைத்தால் பாதி காற்றாகப் போகிறது, கைக்கு அந்தக் குறை இல்லை.

நோன்பு காலத்தில் நடந்ததை இன்ஸாப் உனக்கு எப்படிச் சொன்னானோ தெரியாது, நடந்தது இதுதான். தொழுகைக்கு முன் பள்ளிவாசல் ஹவுழ்த் தொட்டியில் முகம் கைகால் கழுவி வுழூ செய்யும்போது, வாய் கொப்பளிக்க முன் கட்டுப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது என் வழக்கம். அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிந்திவிட்ட அவசரத்தில் கழற்ற மறந்துபோனேன். வாயில் தண்ணீர் எடுத்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது, கட்டுப்பல் துள்ளிப் போய்த் தொட்டியின் நடுவில் விழுந்து அடிக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு பெரிய மனிதர் மூன்று பேர் அந்தத் தண்ணீரில் இனி வுழூ செய்யலாமா கூடாதா என்று விவாதம் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு தண்ணீர் ஒரு பல்லுக்கு அசுத்தமாகாது என்று மௌலவி வந்து சொன்ன பிறகுதான் சனம் நகர்ந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே புத்தளத்தில் இருக்கும் இன்ஸாபின் காதுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"வாப்பா, கட்டுப்பல்லையே பார்த்துக்கொள்ள ஏலாத வயசிலை உங்கள் ரெண்டு பேரையும் தனிய விடேலாது. வீட்டைப் பூட்டிட்டு எங்களோடை வாங்கோ" என்றான். வீட்டை வாடகைக்கு எடுக்க ஆள் கூடப் பார்த்து வைத்திருந்தான். உன் உம்மா மைமூனா அலுமாரிக்கு மேலே இருந்த உடுப்புப் பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். நானா சொல்வது சரிதானே என்று நீயும் அங்கிருந்து மெசேஜ் போட்டிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது மகள், ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வாசலை விட்டு நான் ஒருமுறை போயிருக்கிறேன். தொண்ணூறில் புலிகள் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள், நீ உம்மாவின் இடுப்பில், இன்ஸாப் என் கையில், தையற்கடையில் வெட்டிப் போட்ட துணி வெட்டியபடி மேசையில். இருபது வருடம் கழித்து வந்து, கூரையில்லாமல் நின்ற வீட்டுக்குத் தகரம் போட்டுத்தான் மறுபடி மெஷினை வைத்தேன். அன்று துவக்கோடு போகச் சொன்னார்கள், இன்று பாசத்தோடு போகச் சொல்கிறீர்கள். கதவைப் பூட்டுவது என்னவோ இரண்டு தரமும் நான்தான்.

பெருநாள் முடியட்டும் என்று அவனை அனுப்பிவிட்டு, நல்லூர்ப் பக்கம் இருக்கும் பல் டொக்டர் பிரதீபாவிடம் போனேன். அச்சுவேலிப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். தொட்டியில் விழுந்தது கிடைக்காததால் வேறொரு கட்டுப்பல் செய்விக்கத்தான் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்குள் சின்னத் திருகாணி பூட்டி அதன்மேல் கழற்றவே தேவையில்லாத பல் வைக்கலாம், இம்பிளாண்ட் என்பது அதுதான் என்றார். ஆனால் எலும்பு தேய்ந்திருக்கிறது, பல் எப்போது போனது என்று கேட்டார். தொண்ணூற்றொன்றில், புத்தளத்து அகதி முகாமில், பல்லைப் பிடித்த முரசு வீங்கி ஒவ்வொன்றாய் ஆடிப் போனது என்றேன். பல் இல்லாத இடத்தில் எலும்பும் மெல்ல மெல்லக் கரைந்துவிடுமாம். ஆளில்லாத வளவு மாதிரி என்றேன் பகிடியாக. அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவின் காணியும் ஆமி மறித்து வைத்திருந்ததால் கன வருடம் ஒருவரும் போக முடியாமல் கிடந்ததாம்.

முதலில் சீனி வருத்தத்தை அடக்கிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். பிளேன்டீயில் சீனியை நிறுத்தினேன், பெருநாளுக்கு உம்மா அவித்த வட்டிலப்பத்தை மணந்து மட்டும் பார்த்தேன். இரத்தம் சோதித்த துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருக்கே நம்ப முடியவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஐயா, திருகாணி எலும்போடை பிடிக்க ஆறு மாதம் செல்லும். இடைக்கிடை வந்து காட்டவேணும். அதுவரைக்கும் ஊரிலை நிப்பீங்களோ?" வாயைத் திறந்தபடி கதிரையில் படுத்திருந்தவன் எழும்பி உட்கார்ந்து சொன்னேன், "ஓம், நிப்பன் டொக்டர். அதுக்குத்தான் வந்தனான்." சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது, பல்லுக்கு மட்டும் நான் வரவில்லை என்று.

போன செவ்வாய்க்கிழமை, நான்கு பல்லையும் தாங்கப் போகும் இரண்டு திருகாணியும் பூட்டியாயிற்று. விறைக்க ஊசி போட்டதால் நோகவில்லை, துளைக்கிற சத்தம்தான் தலைக்குள் இருந்தது. இழை பிரிக்க, நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற முன் வரச் சொன்னார், பிறகு கோயிலடி வீதியை மறித்துவிடுவார்களாம். முரசில் போட்ட தையலைக் கண்ணாடியில் பார்த்தேன், முடிச்சு சின்னதாய், இழுப்பு அளவாய், நானே குறை சொல்ல முடியாத தையல். ஒரே ஒரு கவலை, இனி நூலைப் பல்லால் கடிக்கக் கூடாதாம். ஐம்பது வருடப் பழக்கம், கட்டுப்பல்லால்கூடக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். உன் உம்மா சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை ரிப்பனில் கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டாள். உடுப்புப் பெட்டியும் மறுபடி அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அவள் யார் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

நேற்றுத்தான் இன்ஸாபிடம் சொன்னேன். சரி, ஆறு மாதம் முடிய வாங்கோ என்றான். ஆறு மாதம் முடிய மேலே பல் வைப்பார்கள், அதற்குப் பிறகு உயிர் உள்ளவரை வருடத்துக்கு இரண்டு தரம் காட்ட வேண்டும் என்றேன். புத்தளத்திலும் பல் டொக்டர்மார் இருக்கிறார்கள் என்றான். இருப்பார்கள், எனக்கு இவர்தான் டொக்டர் என்றேன். எழுபத்தொரு வயதில் இது எதற்கு என்று தெருவிலும் கேட்கிறார்கள். முன்பக்கம் ஓட்டையோடுதான் ஜும்ஆவுக்குப் போகிறேன், வாயைப் பொத்துவதில்லை.

நீ அழாதே மகள். பிள்ளைகளைப் பல் விளக்காமல் படுக்க விடாதே, சொத்தை விழுந்த உன் கடைவாய்ப் பல்லையும் பிடுங்காமல் அடைத்து வைத்துக்கொள், போனால் எலும்பும் சேர்ந்து போகும். தை மாதம் பல் வைக்கிறார்கள், அப்போது பிள்ளைகளோடு வா. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் நானாவிடம் சொல். நான் கண்மூடிய பிறகு என் மையித்தைக் குளிப்பாட்டும்போது இந்தப் பல்லை என்ன செய்வது என்று மௌலவியிடம் கேட்டுவிட்டேன். கட்டுப்பல் என்றால் கழற்ற வேண்டும், எலும்போடு பிடித்ததைக் கழற்றத் தேவையில்லை என்றார். ஆகவே அதில் ஒருவரும் கை வைக்க வேண்டாம், என்னோடு எங்கள் பள்ளி மையவாடி மண்ணுக்கே வரட்டும். வாடகைக்குப் பார்த்த ஆளிடம், வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஸலாஹுதீன்