இரண்டு பனை ஒன்றாய்த் தெரிந்த இடம்

காத்திவாக்கம்,
1952, மாசி 20, திங்கட்கிழமை.

அன்பு மகள் மலர்க்கொடிக்கு உன் நைனா சுப்பராயன் சொல்லி எழுதுவது. இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா படுத்தபடி இருக்கிறாள். அங்கே நீயும் உன் வயிற்றில் இருப்பதும் உன் வீட்டுக்காரர் ஜெயவேலும் சுகமாக இருக்கக் கடலம்மாவைக் கும்பிட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர் டோல்கேட் தபாலாபீஸ் வாசலில் உட்காரும் அமீருதீன் பாய். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவார்.

உன் கடிதத்தையும் அவர்தான் படித்துக் காட்டினார். பெற்றவன் நேரில் வந்து கூப்பிடாமல் பிள்ளைத்தாச்சியை அனுப்பமாட்டேன் என்று உன் மாமியார் சொன்னதில் தப்பு இல்லை. நம் குப்பத்திலும் அதுதான் வழக்கம். ஒன்பதாம் மாதம் நிறைந்துவிட்டால் படகில் ஏற்றக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். நைனா அதற்குள் வராவிட்டால் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன், அப்புறம் யாரும் வரவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து உட்கார்ந்த இடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுப் போய் மணலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் வரவில்லை என்று நினைக்காதே. தை மாதத்திலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறேன். சொல்லாமல் வந்து வாசலில் நிற்கலாம் என்று இருந்தேன்.

என் பேச்சை மீறி நீ ஜெயவேலோடு படகேறிய அன்று நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கத்தியது உனக்கு மறந்திருக்காது. கடல் தண்ணீரைக் கையில் ஏந்தி, "ஒன் வாசலுக்கு நான் வரணும்னா நடந்துதான் வருவேன். கட்டுமரமும் ஏறமாட்டேன், வண்டியும் ஏறமாட்டேன்" என்று சொன்னேன். அவ்வளவு தூரம் மணலில் எவன் நடப்பான், அதனால் வரவே மாட்டேன் என்பதுதான் அன்றைக்கு அதற்கு அர்த்தம். கடல் தண்ணீரை ஏந்திச் சொன்னதை மீறிவிட்டு மறுபடி கடலுக்குப் போக எனக்குத் தைரியம் கிடையாது. அதனால் நடக்கிறேன். உன் அம்மா, "வாய வுட்டது நீ, காலு இன்னாய்யா பாவம் பண்ணிச்சு?" என்று சிரித்தாள். இடுப்பு ஒடிந்து படுத்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒரே மூச்சில் வர முடியாது. அவளுக்குக் கஞ்சி ஊற்றித் திருப்பிப் படுக்கவைக்கப் பக்கத்து வீட்டு மங்கையை விட்டால் ஆள் இல்லை. அவளும் மீன்கூடை தூக்கிப் பிழைப்பவள். "நாலு நாளு பாத்துக்கறேன் நைனா, அஞ்சாம் நாளு என் பொழப்பு போயிடும்" என்றாள். ஆகவே துண்டு துண்டாக நடக்கிறேன். நின்ற இடத்தில் ஒடிந்த துடுப்பின் பாதியை நட்டுவிட்டுத் திரும்புவேன். அடுத்த முறை அங்கேயிருந்து தொடங்குவேன். நட்ட இடம் வரைக்கும் கால்வாயில் விறகுப் படகில் போகலாமா என்று குப்பத்துப் பெரியதனக்காரர் மாரியப்பனைக் கேட்டேன். அரை நாள் யோசித்துவிட்டு, "துடுப்பு வரைக்கும் நீ நடந்து தீத்த மண்ணு, மாமு. அதுல நீ பல்லக்குல கூடப் போ" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல் துண்டு காட்டுப்பள்ளி வரை. இரண்டாவது பழவேற்காடு வரை. மழை இல்லாததால் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது, கால் நனையாமல் தாண்டினேன். அதற்கு அப்பால் இருப்பதை என்ன சொல்ல! மரம் இல்லை, நிழல் இல்லை, மணல் மேட்டுக்குப் பின்னால் இன்னொரு மணல் மேடு. காற்று அடித்தால் நேற்று பார்த்த மேடு இன்றைக்கு இல்லை. ஐம்பது வருஷம் அந்தக் கரையைப் பார்த்தவன், ஆனால் பார்த்ததெல்லாம் கடலிலிருந்து. மண்ணில் நடந்து பார்த்தது இல்லை.

அங்கேதான் ஏமாந்தேன். உங்கள் குப்பத்துக்கு அடையாளம் இரண்டு பனை. கடலிலிருந்து வரும்போது இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே பனையாகத் தெரிந்தால் நேர் கீழே உங்கள் கரை. போன புதன்கிழமை உச்சி வெயிலில் எனக்கு ஒரே பனையாகத் தெரிந்தது. வந்துவிட்டேன் என்று நினைத்தேன். இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி முகம் கழுவினேன். மூட்டையைப் பிரித்துச் சலவை வேட்டி கட்டினேன். சம்பந்தி வீட்டில் நுழைவதற்கு என்ன பேச வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மேடு ஏறினால் குடிசை ஒன்றும் இல்லை.

கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த கெங்கம்மா என்ற பெண்பிள்ளை என் கோலத்தைப் பார்த்து, "இன்னா தாத்தா, மாப்பிள்ளை கணக்கா யார தேடுற?" என்றாள். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அது தண்ணியில வர்றவனுக்கு அடையாளம். மண்ணுல வர்றவனுக்கு எந்த ரெண்டு பனையும் எங்கியாவது ஒண்ணாத்தான் தெரியும். இன்னும் அரை நாளு நடக்கணும்" என்றாள். சிரித்து முடித்து, தன் குடத்துத் தண்ணீரைக் கொடுத்தாள். இன்னும் அரை நாள் போனால் திரும்புவதற்குள் மங்கை சொன்ன ஐந்தாம் நாள் ஆகிவிடும். துடுப்பை அங்கேயே நட்டுவிட்டு, கட்டிய வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அரை நாள் தூரத்தில் உன்னை விட்டுவிட்டு வந்ததை உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தூரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் மங்கையை உன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மங்கையும் "இன்னாம்மா" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை விறகுப் படகு ஏறுகிறேன். ஞாயிறு விடியலில் துடுப்பிலிருந்து நடப்பேன். பழவேற்காட்டுக்குப் படகு அனுப்புவதாக ஜெயவேல் சொன்னதாக எழுதியிருந்தாய். அவருக்கு நல்ல மனசு, ஆனால் வேண்டாம். அதற்குப் பதில் ஒன்று செய்யச் சொல். தெற்கே பார்த்த பெரிய மேட்டில் நீளமாக ஒரு கழி நட்டு, உன் பழைய சேலை ஏதாவது கட்டட்டும். மண்ணில் வருகிறவனுக்குத் தெரிகிற அடையாளமாக இருக்கட்டும். அவர் கையாலேயே நடட்டும். வேறு யாரையும் விட வேண்டாம். முடிந்தால் அவர் அங்கே நிற்கட்டும். அன்றைக்குத் தண்ணீரில் நின்று அவரைப் பார்த்து நான் சொன்ன மற்ற வார்த்தைகளை இதில் எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் பார்க்கும்போது பேசுவதற்கு வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது படகுதான். திரும்புவதைப் பற்றி நான் ஒன்றும் சத்தியம் பண்ணவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டும் ரோசி டீச்சரம்மாவுக்கு என் கும்பிடு. தபாலில் சுற்றிப் போகும் என்று இன்றைய படகிலேயே கொடுத்தனுப்புகிறேன். வெயிலில் நிற்காதே, குடம் தூக்காதே. வயிற்றில் கை வைத்து அதனிடம் சொல்: தாத்தா கிளம்பிவிட்டார், இன்னும் அரை நாள்தான் பாக்கி, அதுவரைக்கும் அவசரப்படாதே என்று.

உன் நைனா,
சுப்பராயன்
(இடது பெருவிரல் ரேகை)